ஒன்றரை விரல் திறந்த வாய்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை ஆறு மணி. நீச்சல் குளத்தில் தண்ணீர் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், குளோரின் வாடை வழக்கம்போல் மூக்கைத் துளைத்தது. விசில் சத்தம் மட்டும் இல்லை.

பெரியவள் கரையோரம் நின்று இரண்டு கையையும் தட்டினாள். ஆறாவது லேனில் மிதந்துகொண்டிருந்த வாண்டு ஒன்று தலையைத் தூக்கியது.

"மிஸ், விசில் எங்க மிஸ்?"

"கழுத்துல இருக்கு. நீ காலை அடி."

சொன்னது இவ்வளவுதான். அந்த வாண்டு வெலவெலத்துப் போய் அடித்த அடியில் தண்ணீர் அவள் முழங்கால்வரை தெறித்தது. இதற்கு ஏன் இத்தனை பயம் என்று பெரியவளுக்குப் புரியவில்லை.

பதினெட்டு வருஷமாக அவள் இங்கே நீச்சல் பயிற்சியாளர். பிள்ளைகளுக்கு அவள் பெயர் "விசில் மிஸ்". காலை ஐந்தரைக்கு விசிலைக் கடைவாய்ப் பல்லில் கவ்வினால், பத்து மணிக்குத்தான் வாயிலிருந்து எடுப்பாள். அதைக் கவ்விக்கொண்டே பேசுவாள், திட்டுவாள், பாராட்டுவாள். இந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அது கழுத்தில் சும்மா தொங்குகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமையை மறந்தவர்களுக்காக ஒரு எட்டு பின்னால் போய்விட்டு வருவோம்.

பெரியவளும் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக்கும் மூன்றாவது மாடி வீட்டில் பதினாறு வருஷம் தனியாக இருந்தவர்கள். பிள்ளை இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஆறு நாற்காலி, அதில் நான்கின் மேல் துணி காயும். எட்டு மாதத்துக்கு முன்னால் கொழுந்தனும் அவன் மனைவி சின்னவளும், "எங்க வீட்டுக் கூரை ஒழுகுது, ரெண்டே மாசம்" என்று பெட்டியோடு வந்தார்கள். கூரை சரியாகியும் அவர்கள் கிளம்பவில்லை. பெரியவளும் கேட்கவில்லை, ஏனென்றால் நாற்காலிகளில் துணிக்குப் பதிலாக மனிதர்கள் உட்கார்ந்தார்கள். மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் சின்னவள் பல் தேய்க்கும்போதுகூட ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டுப் பாடுவாள். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் கொழுந்தன், தூங்குகிறவர்களையெல்லாம் படம் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பான். பெரியவள் மேலுக்குச் சலித்துக்கொள்வாள். உள்ளுக்குள் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

செவ்வாய் மாலை குளத்திலிருந்து திரும்பி ஒரு ஆப்பிளை நறுக்கென்று கடித்தாள். வலது காதுக்கு முன்னால் சுருக்கென்றது. அதற்கப்புறம் வாய் ஒன்றரை விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்துவிட்டது. வலியில் கண்ணில் நீர் முட்ட நின்றவளிடம், அந்த நேரம் பார்த்துச் சின்னவள் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, நாங்க இங்கேயே இருந்துடலாமா?"

"தாராளமா இருங்க. உங்க வீடுதானே" என்றாள் பெரியவள்.

சின்னவள் முகம் வெளிறியது. "சரிக்கா" என்று உள்ளே போனவள் அன்று பாடவே இல்லை. மறுநாள் காலை கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணி, கூரைதான் சரியாயிடுச்சே, எங்க வீட்டுக்கே போயிடறோம். சனிக்கிழமை வண்டி வருது" என்றான்.

சரிதான், மரியாதைக்குக் கேட்டிருக்கிறார்கள், போக வேண்டும் என்று எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் பழக்கமில்லை அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாளை ஓட்டினாள். மெல்ல முடியாததால் சூப்பைத் தன் அறைக்கு எடுத்துப்போய் உறிஞ்சிக் குடித்தாள். தாடை விஷயத்தைக் கணவரிடம் மட்டும் சொல்லி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஊருக்குப் போறவங்களைக் கலவரப்படுத்த வேணாம்" என்று வாயைக் கட்டியும் போட்டாள். பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் வீடு அவளுக்கு வேற்றூராகத் தெரிந்தது.

*

மதியம் இரண்டரைக்கு மெக்கானிக் அவளைத் தாடை டாக்டரிடம் கூட்டிப்போனார். வண்டி நாலு மணிக்கு. அதற்குள் திரும்பிவிடலாம், நின்று வழியனுப்பலாம் என்பது அவர் கணக்கு. திரும்பாமல் இருந்தால் நல்லது என்பது அவள் கணக்கு.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம். மேஜைமேல் ஒரு மண்டையோடு, அதன் தலையில் ஒரு கம்பளித் தொப்பி.

"காது வலின்னு ஏற்கனவே எங்கயாவது காட்டினீங்களா?"

பெரியவள் திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? சொட்டு மருந்துகூட விட்டேனே."

"முக்காவாசிப் பேர் காது டாக்டரைப் பாத்துட்டுத்தான் இங்க வருவாங்க. முன்னாடி வாயைத் திறக்கும்போது டக் டக்னு சத்தம் வந்திருக்குமே?"

"ரெண்டு வருஷமா" என்று முந்திக்கொண்டார் மெக்கானிக். "கொட்டாவி விட்டா எனக்குக் கேக்கும்."

"செவ்வாய்க்கிழமைல இருந்து அந்தச் சத்தம் நின்னு போயிருக்கும். வாயும் பூட்டிக்கிச்சு."

"ஆமா!"

டாக்டரம்மா மண்டையோட்டின் தாடையை அசைத்துக் காட்டினார். இந்த மூட்டு வெறும் கீல் இல்லை. வாய் கொஞ்சம் திறக்கும்போது சுழலும், அகலத் திறக்கும்போது முன்னால் வழுக்கி வரும். நடுவே ஒரு சின்ன மெத்தை இருக்கிறது. அது இடம் விலகி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டால், முதலில் சத்தம் வரும். ஒருநாள் வழியை மறித்துக்கொண்டு நின்றுவிடும்.

மெக்கானிக்கின் கண் பளபளத்தது. "டாக்டர், லிஃப்ட் கதவு பள்ளத்தை விட்டு நழுவினா இப்படித்தான். பாதி திறக்கும், அப்புறம் அசையாது. அதை இடிச்சு மட்டும் தள்ளக் கூடாது."

"அதேதான் சார்! இடிச்சுத் தள்ளக் கூடாது."

"பள்ளத்துல அழுக்கு சேந்தாக்கூட..."

"என்னங்க" என்றாள் பெரியவள், "வலிக்கிறது எனக்கு."

டாக்டரம்மா அவளுடைய விரல்களையே அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றரைதான் போனது. கன்னத்தையும் நெற்றிப் பொட்டையும் அழுத்திப் பார்த்தார். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் எடுத்துத் திருப்பினார். கடைவாய்ப் பல் பதிந்து பதிந்து அதன் இரு பக்கமும் குழி விழுந்திருந்தது.

"இதை எத்தனை நேரம் கவ்வுவீங்க?"

"கொஞ்ச நேரம்."

"நாலரை மணி நேரம்" என்றார் கணவர். "ஞாயித்துக்கிழமை லீவு."

"இதையேதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒண்ணைக் கைகாட்ட முடியாத வலி இது. ஆனா தாடைக்கு ஓய்வே இல்லை, அது நிச்சயம். மனசுல ஏதாவது இருந்தாலும் பல்லு தானா இறுகிக்கும். இந்த வாரம் வீட்டுல ஏதாவது?"

"ஒண்ணுமில்லை" என்றாள் பெரியவள், கன்னத்துத் தசை துடிக்க.

டாக்டரம்மா அந்தத் தசையைப் பார்த்தார், வற்புறுத்தவில்லை. கைப்பேசியை எடுத்தார். சிகிச்சைக்கு முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு பதிவு செய்து வைப்பது அவர் வழக்கமாம். "மனசுல வர்ற எதையாவது ஒரு வாக்கியம் சொல்லுங்க."

மூன்று நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததே வாயில் வந்தது. "தாராளமா இருங்க. உங்க வீடுதானே."

பூட்டி நாலு நாள்கூட ஆகாததால் கையாலேயே முயன்று பார்க்கலாம், எல்லாருக்கும் பலிக்காது, பலிக்காவிட்டாலும் பயிற்சியில் சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னார். சூடான ஒத்தடம் கொடுத்து, தசை இளக ஒரு ஊசி போட்டு, கட்டைவிரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப் பல்லின்மேல் வைத்து மெல்லக் கீழே அழுத்தி முன்னால் இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"தோளை விடுங்க. குளத்துல மல்லாந்து மிதக்கப் பழக்குவீங்களே, அப்போ பிள்ளைகளுக்கு என்ன சொல்லுவீங்க?"

"தண்ணி உன்னைத் தாங்கும், நீ எதையும் தாங்காதேன்னு சொல்லுவேன்."

"அதைக் கொஞ்சம் நீங்களும் கேளுங்க."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் தோள் தளர்ந்த அந்த நொடியில் மறுபடி அழுத்தினார். டக்!

சத்தம் மெக்கானிக்கின் நாற்காலிவரை கேட்டது. பெரியவளின் வாய் தானாகத் திறந்தது. ஒரு விரல், இரண்டு, இரண்டரை. செவ்வாய்க்கிழமையிலிருந்து உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்றெல்லாம் "ஆ..." என்று வெளியே வந்தது. மெக்கானிக் எழுந்து நின்று கை தட்டினார்.

"மேடம், போதும், மூடுங்க. இனிமே கொஞ்ச நாள் எதையும் அகலத் திறக்கக் கூடாது" என்று சிரித்தபடி அடுக்கினார் டாக்டரம்மா. "சும்மா இருக்கறப்போ உதடு மூடியிருக்கணும், பல்லு பல்லைத் தொடக் கூடாது. நாக்கு மேலண்ணத்துல லேசா ஒட்டியிருக்கட்டும். மிருதுவான சாப்பாடு. கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழ கையைக் குடுங்க. ராத்திரி போட்டுக்கப் பல்லுக்கு ஒரு உறை செஞ்சு தர்றேன், பயிற்சி சொல்லித் தர்றேன். மறுபடி பூட்டினாலும் பயப்படாதீங்க, வாங்க. கத்தவே கூடாது. விசில் கையில இருக்கலாம், ஊத மட்டும் வாய்க்கு வரலாம்."

மறுபடி அதே வாக்கியத்தைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். பிறகு இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினார்.

முதல் குரல் பல்லிடுக்கிலிருந்து சீறியது. "தாராளமா இருங்க. உங்க வீடுதானே." ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்பியது போல் இருந்தது. அடுத்தது, பெரியவளுடைய சொந்தக் குரலில், இதமாக வந்தது.

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "அடேயப்பா! முதல்ல சொன்னதைக் கேட்டா நான்கூட அன்னிக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்!"

பெரியவள் சிரிக்கவில்லை.

"என்னங்க, இதைத்தான் நான் சின்னவகிட்டச் சொன்னேன்."

"எதை?"

"இதே வார்த்தையை, அந்த முதல் குரல்ல. அவ இருந்துடலாமான்னு கேட்டா. நான் இருங்கன்னு சொன்னேன். அவளுக்கு வேற மாதிரிக் கேட்டிருக்கு."

சூப்பும் மூடிய அறைக் கதவும் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தன. அந்தப் பெண் மூன்று நாளாக என்ன பாடு பட்டிருப்பாள்! நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கினாள்.

"போன் போடுங்க!"

சின்னவள் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. கொழுந்தன் எண்ணும் அதே எல்லைக்கு வெளியே. மணி மூன்று ஐம்பது.

*

வண்டி சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தது. பாதிச் சாமான் ஏறியிருந்தது. ஓட்டுநர் மட்டும் நிழலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க எங்கங்க?" என்று பெரியவள் ஸ்கூட்டர் நிற்பதற்குள் குதித்துக் கேட்டாள்.

"லிஃப்ட்ல பீரோ இறக்கறேன்னு போனாங்க. அரை மணி நேரமாச்சு."

மெக்கானிக்கின் முகம் மாறியது. "பீரோவையா! லிஃப்ட்லயா! மெக்கானிக்கோட தம்பி செய்ற வேலையா இது!"

இரண்டாவது மாடிக்குச் சற்றுக் கீழே லிஃப்ட் நின்றிருந்தது. வெளிக்கதவின் குறுகிய கண்ணாடி வழியாக ஒரு பீரோவின் முதுகும் அதற்குப் பக்கத்தில் ஒரு மூக்கும் தெரிந்தன.

"அண்ணே" என்றது மூக்கு. "பீரோ சாஞ்சு கதவுமேல விழுந்துடுச்சு."

"விளக்கு, விசிறி ஓடுதா? காத்து வருதா?"

"எல்லாம் வருது. மானம்தான் போச்சு."

மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, மேல்மாடிக்குப் போய் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்துவிடலாம், பத்து நிமிஷ வேலை என்றார்.

பெரியவள் அவர் சட்டையைப் பிடித்தாள். "இருபது நிமிஷமா எடுத்துக்கோங்க."

அவர் அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு படியேறினார். இத்தனை மெதுவாகப் படியேறும் மெக்கானிக்கை எந்தக் கட்டடமும் பார்த்திருக்காது.

பெரியவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கதவிடுக்கில் வைத்தாள்.

"சின்னு."

பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விசும்பல் கேட்டது. மூக்கும் ஒரு முறை உறிஞ்சியது.

"அண்ணி, அவ அழுறா."

"அழட்டும், காது கேட்டாப் போதும். சின்னு, செவ்வாய்க்கிழமை நீ கேட்டப்போ என் தாடை பூட்டியிருந்துது. ஆப்பிள் கடிச்சேன், மூட்டு நழுவிடுச்சு. வாயைத் திறக்க முடியல. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பேச முடிஞ்சுது. உனக்கு அது கோவமாக் கேட்டிருக்கு. அந்தக் குரலை இப்போ டாக்டர்கிட்ட நானே கேட்டேன். எனக்கே பயமா இருந்துது."

பீரோவுக்குப் பின்னால் சின்னவள் மூக்கைச் சிந்தினாள்.

"தனியா ரூம்ல சாப்பிட்டீங்களே?" ஈரமான குரலில் கேள்வி வந்தது.

"சாப்பிடல. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். நீ பாத்தா சிரிப்பே."

"கதவைக்கூடப் படார்னு சாத்தினீங்க."

"அது காத்து."

"எங்க ஸ்கூல்லேருந்து குளத்துக்கு வர்ற பிள்ளைங்ககூட விசில் மிஸ் கோவமா இருக்காங்கன்னு..."

"அதுங்களும் பயந்துதுங்க. நீ விஷயத்துக்கு வா. எனக்கு ரொம்பப் பேசக் கூடாதாம்."

பெரியவள் ஒரு மூச்சு எடுத்தாள். கரையில் நின்று நூறு பிள்ளைகளை விரட்டத் தெரிந்தவளுக்கு, தனக்கு இது வேண்டும் என்று கேட்கத் தெரியாது. பதினாறு வருஷம் யாரிடமும் கேட்டதில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒரு நொடி ஒட்டவைத்தாள், பல்லைப் பல்லிலிருந்து பிரித்தாள், பிறகு சொன்னாள்.

"நீங்க வந்த அப்புறம்தான் அது வீடு மாதிரி இருக்கு சின்னு. போகாதீங்க. இருங்கன்னு பெருந்தன்மையாச் சொல்லல. எனக்கு வேணும். காலைல நீ பாடாம எனக்குப் பல்லே தேய்க்கப் பிடிக்கல."

உள்ளே பீரோ லேசாக ஆடியது. யாரோ அதன்மேல் சாய்ந்து அழுவது கேட்டது. கூடவே சிரிப்பும் கேட்டது. பிறகு ஒரு கை, பீரோவின் பக்கவாட்டு இடைவெளியில் நீண்டு வந்து கண்ணாடியில் பதிந்தது. பெரியவள் இந்தப் பக்கம் தன் கையை வைத்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"இருங்க."

"அண்ணி, நானும் இருக்கலாமா?" என்றது மூக்கு.

"நீ பீரோவை மேல ஏத்தினாத்தான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். கண்ணில் நீர் வழிய, வாயை ஒரு விரலுக்கு மேல் திறக்காமல், பெரியவள் சிரித்த சிரிப்பு மாடிப்படியெல்லாம் எதிரொலித்தது. மேலே மின்சாரத்தை நிறுத்தும் ஓசை கேட்டது. மெக்கானிக் இறங்கி வந்து, சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்து, பள்ளத்தை விட்டு விலகியிருந்த உட்கதவைத் துளியும் இடிக்காமல் பதமாக உள்ளே உட்கார வைத்தார். முதலில் மூக்கு வந்தது, அதன் பின்னால் கொழுந்தன் வந்தான். பிறகு புடவையெல்லாம் ஒட்டடையாகச் சின்னவள் தவழ்ந்து வந்து, எழுந்திருக்காமலேயே பெரியவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிடி தளர ஐந்து நிமிஷம் ஆயிற்று.

தளர்ந்ததும் அவள் முகத்தில் வேறொரு கலவரம் தெரிந்தது.

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன?"

"புதன்கிழமை எங்கப்பாவுக்குப் போன் பண்ணி அழுதுட்டேன். நீங்க எங்களைத் துரத்திட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

"இப்போ திருப்பிப் போன் போட்டு இல்லைன்னு சொல்லிடு."

"எடுக்க மாட்டேங்கறாரு. ரயில்ல இருக்காரு. நாளைக்குக் காலைல இங்க வர்றாரு. உங்ககிட்ட நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டுத்தான் மறுவேலைன்னு அம்மாகிட்டச் சத்தம் போட்டுட்டுக் கிளம்பியிருக்காரு."

கொழுந்தன் லிஃப்டுக்குள்ளேயே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தான். மாமனார் ராணுவத்தின் வாத்தியக் குழுவில் முப்பது வருஷம் ட்ரம்பெட் வாசித்தவர். அவர் மெதுவாகப் பேசுவதே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மெக்கானிக் மனைவியைக் கவலையோடு பார்த்தார். "ஏம்மா, உன்னைக் கத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அவரு கத்தினா நீ என்ன பண்ணுவே?"

பெரியவள் யோசித்தாள். பதினாறு வருஷத்தில் அந்த வீட்டு வாசலுக்கு மீட்டர் பார்க்கிறவர் வந்தார், தபால்காரர் வந்தார், வழி தவறியவர்கள் வந்தார்கள். பெண்ணுக்காகச் சண்டை போட ரயிலேறி ஒரு மனிதர் வருவது இதுதான் முதல் தடவை. அவளுக்குக் கோபம் வரவில்லை. பண்டிகைக்கு விருந்தாளி வருவது போலப் பரபரப்பாக இருந்தது.

"அந்த மேஜைல ரெண்டு நாற்காலி இன்னும் காலியாத்தானே இருக்கு" என்றாள். "ரயில் எத்தனை மணிக்கு வருதுன்னு கேளு, நானே ஸ்டேஷனுக்குப் போறேன்."